தூக்கமில்லாத இரவும் கையில் நிற்காத பாடமும்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது நாற்பதை நெருங்குகிறது. சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட மிருதங்கத்தை இப்போதுதான் முறையாகக் கற்கத் தொடங்கியிருக்கிறார். ஆனால் தூக்கம் பல மாதங்களாகச் சரியில்லை. படுத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் புரள்கிறார். எப்படியோ கண் அயர்ந்தாலும் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கமே இல்லை. வகுப்பில் சரியாக வந்த சொற்கட்டு, அதாவது வாயால் சொல்லிக் கையால் வாசிக்கும் அடி வரிசை, மறுநாள் கைக்கு வருவதில்லை. "மூளை மழுங்கிப்போச்சா? தூக்கம் வராத நேரத்தை வீணாக்காமல் எழுந்து சாதகம் பண்ணலாமா?" என்று கேட்கிறார்.

மூளை மழுங்கவில்லை, தம்பி. எழுந்து சாதகம் பண்ணவும் வேண்டாம். உங்கள் கை கற்றுக்கொள்ளத்தான் செய்கிறது. கற்றதை மூளை எடுத்து வைத்துக்கொள்ளும் வேலைதான் இரவில் பாதியில் நின்றுவிடுகிறது. நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் பினாங்கில் பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைப் பயிற்சி கொடுப்பவள். சட்டைப் பொத்தானைப் பிடித்து, திருப்பி, துளைக்குள் தள்ளும் அசைவை ஐம்பது அறுபது வயதில் முதலிலிருந்து கற்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் பத்து முறை தவறவிட்ட பொத்தானை, நன்றாகத் தூங்கி எழுந்த காலையில் இரண்டாவது முயற்சியிலேயே போட்டுவிடுவார்கள். "ராத்திரி யாரம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று ஒரு பாட்டி கேட்டார். அதே வார்டில், பக்கத்துக் கட்டில் சத்தத்தில் இரவெல்லாம் விழித்துக் கிடந்தவர் மறுநாள் விட்ட இடத்திலேயே நிற்பார். இதை வைத்து மட்டும் எதையும் நிரூபிக்க முடியாது, நோயின் அளவு ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் ஆய்வுக்கூடங்களில் அளந்து பார்த்தவர்கள் கண்டதும் இதே திசையில்தான் இருக்கிறது.

நினைவு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது ஒரே பொருள் அல்ல. அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு 1953-ல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு புதிதாக எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். இரட்டைக் கோட்டில் வரைந்த நட்சத்திரம், அந்த இரு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். ஆனால் கையை நேராகப் பார்க்கக் கூடாது, எதிரே இருக்கும் கண்ணாடியில்தான் பார்க்கலாம். செய்து பாருங்கள், முனை வரும்போதெல்லாம் கை எதிர்ப்பக்கம் ஓடும். மொலேசன் நாளுக்கு நாள் தேறினார். ஆனால் ஒவ்வொரு நாளும், இப்படி ஒன்றைத் தான் முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. மனம் மறந்ததைக் கை மறக்கவில்லை. நேற்று ஆசிரியர் என்ன சொன்னார் என்பது ஒரு வகை நினைவு. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் இடக்கை விழ வேண்டிய நேரத்தில் விழுவது இன்னொரு வகை. தூக்கம் இரண்டுக்குமே வேண்டும். உங்கள் கேள்வி இரண்டாவதைப் பற்றியது, அதனால் அதிலேயே நிற்கிறேன்.

2002-ல் ஹார்வர்டில் மேத்யூ வாக்கர், ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழுவினர் ஓர் எளிய சோதனை செய்தார்கள். வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் இடக்கையின் நான்கு விரல்களால், ஐந்து தட்டல் கொண்ட ஒரே வரிசையைக் கீபோர்டில் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். 30 நொடி தட்டல், 30 நொடி ஓய்வு, இப்படி 12 சுற்று. ஐந்து தட்டல் என்றதும் எனக்கு 'ததிகிணதொம்' ஞாபகம் வரும், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். காலையில் கற்றுப் பன்னிரண்டு மணி நேரம் விழித்திருந்தவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி முன்னேற்றம் இல்லை. மாலையில் கற்றுத் தூங்கி எழுந்தவர்கள், நடுவில் ஒரு முறைகூடத் தட்டிப் பார்க்காமலே, சுமார் 20 சதவீதம் வேகம் கூடியிருந்தார்கள், தவறும் கூடவில்லை. காலையில் கற்றவர்களும் அன்றிரவு தூங்கி எழுந்தபின் அதே முன்னேற்றத்தைப் பெற்றார்கள்.

அந்த ஆய்வில் உங்களுக்கு நேராகப் பொருந்தும் ஒரு விஷயம் உண்டு. அந்த முன்னேற்றம், இரண்டாம் நிலைத் தூக்கம் என்று சொல்லும் நடுத்தர ஆழத் தூக்கத்தோடு ஒட்டிப் போனது. அதிலும் இரவின் கடைசிக் கால் பகுதியில் வரும் தூக்கத்தோடுதான் நெருக்கம் அதிகம். அந்த நிலையில் மூளையலையில் ஸ்பிண்டில் என்ற சின்னத் துடிப்புக் கொத்துகள் வரும், நொடிக்கு 12 முதல் 15 வரை துடித்து, ஓரிரு நொடியில் அடங்கிவிடும். மூன்று மணிக்கு விழித்துவிடுகிறவர் இழப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதியை. ஆழ்ந்த தூக்கம் இரவின் முற்பகுதியிலேயே வந்துவிடுவதால் உடம்பு ஓரளவு தாக்குப்பிடிக்கும். "வேலைக்குப் போக முடிகிறது, பாடம்தான் நிற்கவில்லை" என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

2004-ல் அதே குழுவினர் தட்டல் வரிசையை நீளமாக்கியும் இரண்டு கைக்குப் பிரித்தும் பார்த்தார்கள். கடினம் கூடக் கூட, தூக்கத்தால் கிடைக்கும் லாபமும் கூடியது. வரிசை முழுவதும் ஒரே சீராக வேகம் கூடவும் இல்லை. எந்த இரண்டு தட்டலுக்கு நடுவே விரல் தடுமாறியதோ, அந்த இடம்தான் இரவுக்குப் பிறகு அதிகம் சரியானது. மிருதங்கக்காரர்களுக்கு இது அந்நியமில்லை. இரண்டாம் கால வேகம்வரை ஒழுங்காகப் போய், மூன்றாம் காலத்தில் 'கிண' என்ற ஒரே இடத்தில் கை தடுக்கும். உட்கார்ந்து அதையே அடித்துக்கொண்டிருந்தால் தோள்தான் வலிக்கும். விட்டுவிட்டுத் தூங்கி மறுநாள் உட்கார்ந்தால் வழி விட்டிருக்கும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த 20 சதவீதத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். டிமோத்தி ரிக்கார்ட் என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2008-ல் ஒரு கேள்வி எழுப்பினார்கள். மாலைப் பயிற்சியின் முடிவில் விரல்கள் அசந்து வேகம் குறைந்திருக்கும், மறுநாள் ஓய்வெடுத்த விரல்களோடு ஒப்பிட்டால் முன்னேற்றம் பெரிதாகத்தானே தெரியும் என்றார்கள். அந்த அசதியைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது, தூக்கம் திறமையைக் கூட்டியதாக அவர்களுக்குத் தெரியவில்லை. தூக்கம் திறமையைக் கூட்டுவதைவிட, கற்றது கரைந்துபோகாமல் காக்கிறது என்பதே என் அபிப்பிராயம். தூங்கினால் திறமை தானாக வளரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உழைத்துச் சேர்த்ததைக் காப்பாற்றிக் கொடுப்பதே பெரிய உதவிதான்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹூபர், தொனோனி குழுவினர் 2004-ல் செய்தது எனக்கு இன்னும் பிடித்தது. திரையில் புள்ளி கொஞ்சம் கோணலாக நகரும்படி செய்து, அதற்கு ஏற்றபடி கையை நகர்த்தக் கற்றுக் கொடுத்துவிட்டு, அவர்களைத் தூங்கவிட்டு மூளையலையை அளந்தார்கள். அந்த வேலையைக் கற்ற மூளைப் பகுதியில் மட்டும் ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான அலைகள் பெரிதாயின. யாருக்கு அலை அதிகம் கூடியதோ அவர் மறுநாள் நன்றாகச் செய்தார். பிறகு 2006-ல் ஒரு கையை 12 மணி நேரம் கட்டிப்போட்டுப் பார்த்தார்கள். அன்றிரவு அந்தக் கைக்குரிய பகுதியில் மெதுவான அலைகள் குறைந்திருந்தன. பகலில் உழைத்த இடத்தைத் தேடிப்போய் வேலை செய்கிறது தூக்கம்.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் நன்றாகத் தூங்குகிறவர்களைப் பற்றியது. உங்களைப் போலத் தூக்கமின்மை உள்ளவர்களுக்கு என்ன நடக்கிறது?

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் கிறிஸ்டோஃப் நிசன் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் 86 பேர். தூக்கமின்மை நோய் உள்ளவர்கள் ஒரு பக்கம், நல்ல தூக்கக்காரர்கள் ஒரு பக்கம். மொலேசனுக்குக் கொடுத்த அதே கண்ணாடி வரைதல்தான் சோதனை. கற்கும் நேரத்தில் இரு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை. பகல் முழுவதும் விழித்திருந்துவிட்டு மறுபடி செய்தபோதும் வித்தியாசமில்லை. இரவு கழித்துக் காலையில் செய்தபோதுதான் நல்ல தூக்கக்காரர்கள் தெளிவாக முந்தினார்கள். தூக்கமின்மை உள்ளவர்களுக்கு அந்த லாபம் குறைந்துபோனது. கற்கும் திறன் குறையவில்லை என்பதைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். வகுப்பில் உங்களுக்குச் சொற்கட்டு வந்துவிடுகிறது என்றால் உங்கள் மூளையும் கையும் நன்றாகத்தான் இருக்கின்றன.

குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் நோய் உள்ளவர்களிடமும் 2012-ல் இப்படியே கண்டார்கள். அதே ஐந்து தட்டல் சோதனை. மாலையில் எல்லோரையும் போலக் கற்றவர்கள், காலையில் பின்தங்கினார்கள். தூக்கம் எத்தனை முறை துண்டுபட்டது என்பதோடு அந்தப் பின்னடைவு ஒட்டிப் போனது. ஆகவே எட்டு மணி நேரம் படுத்திருந்தோம் என்று கணக்குச் சொல்வதில் பயனில்லை. தூக்கம் தொடர்ச்சியாக வர வேண்டும்.

இப்போது நள்ளிரவுச் சாதகத்துக்கு வருவோம். மூன்று மணிக்கு எழுந்து, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லாமல் தொடையிலோ தலையணையிலோ வாசிக்கலாம் என்று தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் எழுந்து விளக்கைப் போட்டு, மனதைக் கூர்மையாக்கும் ஒரு வேலையைத் தினமும் செய்தால், மூன்று மணி வேலை நேரம் என்று உடம்பு பழகிவிடும். இரண்டாவது, அரைத் தூக்கத்தில் அடிக்கும் அடியில் தவறு கூடும். கை சரியானதை மட்டும் பொறுக்கி எடுத்துக் கற்பதில்லை, தவறையும் அதே சிரத்தையோடு கற்கும். மூன்றாவது, கற்றதைக் காப்பாற்றத் தூக்கம் இல்லாத நேரத்தில் மேலும் மேலும் சேர்த்து என்ன செய்யப் போகிறீர்கள்? படுக்கையில் கிடந்தபடி மனதுக்குள் அடிகளின் கோர்வையை ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம். அது மனதைத் தட்டி எழுப்பும். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது நல்ல பயிற்சிதான், அதைப் பகலில் செய்யுங்கள்.

பயிற்சியைப் பகலில் சின்னச் சின்னதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரத்துக்குப் பதில், இருபது நிமிடம் இரண்டு மூன்று தடவை. இன்னொன்று, ஒரே மாலையில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு புதுப் பாடங்களை அடுத்தடுத்து எடுக்காதீர்கள். வாக்கர் குழுவின் 2003 ஆய்வில், முதல் வரிசையைக் கற்ற கையோடு இரண்டாவதைக் கற்றவர்களுக்கு முதலாவது கெட்டது. ஆறு மணி நேரம் இடைவெளி விட்டவர்களுக்கு இரண்டும் நின்றன. ஆசிரியரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். "இந்த வாரம் இது ஒன்று போதும் மாஸ்டர்" என்றால் எந்த நல்ல ஆசிரியரும் கோபப்படமாட்டார். தைப்பூசம் நெருங்கும்போது உருமி மேளக் குழுப் பிள்ளைகள் நள்ளிரவு தாண்டியும் புதுப்புது அடிகளை அடுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதும் எனக்கு இதையே சொல்லத் தோன்றும். தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் காவடிக்கு முன்னால் வாசிக்கும்போது கையில் நிற்பது, நன்றாகத் தூங்கி எழுந்த நாட்களில் பழகியதுதான்.

நைட் ஷிஃப்ட் வாரம் வந்தால் பாடமே வீண் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் லூபெக் நகரில் யான் போர்ன் குழுவினர் 2002-ல் விரல் அசைவை வைத்துச் செய்த சோதனையில், கற்றபின் தூங்கியது பகலிலா இரவிலா என்பது பொருட்டாகவே இல்லை. தூங்கியவர்கள் எப்போது தூங்கினாலும் லாபம் பெற்றார்கள். எனவே வேலை முடிந்து வந்த காலைத் தூக்கத்தை முழுத் தூக்கமாக மதியுங்கள். ஜன்னலுக்குக் கனமான திரை, ஃபோன் வேறு அறையில், வீட்டில் இருப்பவர்களிடம் "பன்னிரண்டு மணிவரை கூப்பிடாதீர்கள்" என்று ஒரு சொல். பகல் ஷிஃப்ட் வாரத்தில் மட்டும் மதியக் குட்டித் தூக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். மற்றவர்களுக்கு அது கைப்பழக்கத்துக்கு நல்லதுதான், அதையும் அளந்திருக்கிறார்கள். உங்களுக்கு அது இரவுத் தூக்கத்தின் பசியைக் கெடுத்துவிடும்.

இனி மூலக் காரணத்துக்கு. வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேல், தூங்க நேரமிருந்தும் தூக்கம் வராமல் பகல் பாதிக்கப்பட்டால் அதை நீடித்த தூக்கமின்மை என்று மருத்துவம் சொல்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்றே தோன்றுகிறது. இதற்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல. தூக்கமின்மைக்கான அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது, அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-ல் அதைத்தான் முதலில் தரச் சொன்னது. அதன் ஒரு பாகத்தை ரிச்சர்ட் பூட்சின் 1972-லேயே வகுத்துவிட்டார். தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது, வராவிட்டால் எழுந்து வேறு அறையில் மங்கலான வெளிச்சத்தில் சும்மா இருப்பது, கண் சொக்கியதும் திரும்பப் போவது, எப்படித் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது. எழுந்து உட்காரச் சொல்கிறார்கள், சாதகம் செய்யச் சொல்லவில்லை, கவனியுங்கள். படுக்கும் நேரத்தையே குறைத்துப் பிறகு மெல்ல மெல்லக் கூட்டும் இன்னொரு பாகமும் உண்டு, பலன் நன்றாக இருக்கும். ஆனால் முதல் சில வாரம் பகலில் தூக்கம் தள்ளும். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் இயந்திரத்தோடு நிற்கிறவர் அதை ஆலோசகர் துணையில்லாமல் தொடங்கக் கூடாது.

சாயங்காலம் மாமாக் கடை தே தாரிக் என்ற பால் டீயையும் கணக்கில் எடுங்கள். காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும்.

தூக்க மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. சில வகை மாத்திரைகள் போட்டபின் கற்றதை மூளை பதிய விடாது, காலையிலும் மந்தம் இருக்கும். சளி, அரிப்பு மாத்திரையைத் தூக்கத்துக்குப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை ஏற்கெனவே தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்த வேண்டாம், அவரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

உங்கள் பகுதி கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசு சுகாதார நிலையத்துக்குப் போங்கள், நம் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்)தான். "தூக்கம் வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு வாரம் படுத்த நேரம், எழுந்த நேரம், விழித்த நேரம், என்ன ஷிஃப்ட் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள். வீட்டில் யாராவது நீங்கள் குறட்டை விடுவதாகவோ மூச்சுத் திணறி எழுவதாகவோ சொன்னால் அதையும் சொல்லுங்கள், அதற்குச் சோதனையும் சிகிச்சையும் வேறு. மனச்சோர்வு, தைராய்டு, கால் குடைச்சல் என்று தூக்கத்தைக் கெடுக்கும் மற்றவற்றையும் அவர்கள் பார்ப்பார்கள்.

நீங்கள் பினாங்குப் பாலத்தைத் தாண்டி வேலைக்கு வருகிறவரா என்று எழுதவில்லை. பட்டர்வொர்த், பிறைப் பக்கத்திலிருந்து மோட்டாரில் வருகிறவர் என்றால், பாடத்தைவிட முதலில் இதைக் கவனியுங்கள்: இரவு சரியாகத் தூங்காத நாளில் கண் திறந்தபடியே ஓரிரு நொடி மூளை அணைந்து எரியும், அது நமக்கே தெரியாது. அப்படிப்பட்ட நாளில் கம்பெனி பஸ்ஸிலோ நண்பரின் காரிலோ வாருங்கள். மாலை வகுப்புக்கும் லீவு சொல்லிவிடுங்கள்.